படத்தில் வராத வாசல்படி

சங்கரன்கோவிலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பது ஒரு தனி சுகம். நாம் பார்ப்பதைப் பக்கத்தில் இருப்பவரும் எட்டிப் பார்ப்பார். சும்மா பார்க்க மாட்டார், கருத்தும் சொல்வார்.

ஆடித்தபசு முடிந்த மறுநாள் காலை. எங்கள் பள்ளித் தோழர்களின் வாட்ஸப் குழுவில் படங்கள் கொட்டிக்கொண்டிருந்தன. கோமதி அம்மன் சப்பரம், ரதவீதிக் கூட்டம், சம்சாரிகள் சூறைவிட்ட பருத்தி, வத்தல் என்று வரிசையாக. போட்டவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. துபாய், சிங்கப்பூர், பெங்களூர். யாரோ எடுத்த படத்தை யாரோ அனுப்ப, 'இந்த வருஷமும் வர முடியலையே' என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள்.

நடுவில் ஒரு வீடியோ. வயசான அம்மா ஒருத்தர் புட்டுக்குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். பேசுவது மலையாளம். படம் எடுக்கிற பேரன் கேள்வி கேட்பது வேறு ஏதோ பாஷை. பின்னால் சுவரில் ஹீப்ரு எழுத்து.

"யாரு சார், மலையாளத்து அம்மாவா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"யூதங்க அண்ணாச்சி. கொச்சியில இருந்து இஸ்ரேல் போன குடும்பம்."

"அப்போ மலையாளத்துக்காரங்க இல்லையா?"

"அதுவும்தான்."

அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "நம்ம சங்கரநாராயணர் மாதிரின்னு சொல்லுங்க. பாதி அது, பாதி இது."

யூத அடையாளம் பற்றித் தடிதடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர்த் தலபுராணப்படி சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். ஒருவருக்குச் சிவன் பெரிசு, இன்னொருவருக்குத் திருமால் பெரிசு. சண்டை தீரவில்லை. அம்மன் தவம் இருக்க, இரண்டு பேரும் ஒரே உடம்பாக நின்று காட்சி கொடுத்தார்கள். அதுதான் ஆடித்தபசு.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்து பழைய புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். 'ரூபி ஆஃப் கொச்சின்'. எழுதியவர் ரூபி டேனியல், உடன் எழுதியவர் மானிடவியலாளர் பார்பரா ஜான்சன். 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில நூல். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

யூதர் என்றால் நமக்கு ஹிட்லர், ஐன்ஸ்டைன், காஸா என்று எல்லாமே தூரத்துச் செய்தி. உண்மையில் அவ்வளவு தூரம் இல்லை. சென்னை பாரிமுனைப் பக்கம் பவளக்காரத் தெரு இருக்கிறதே, அது 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இருந்து பவளம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன வணிகர்களின் ஞாபகம். அவர்களில் யூதர்கள் முக்கியமானவர்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களிலும் யூதர்கள் இருந்தார்கள்.

கொச்சிக் கதை இன்னும் பழசு. கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தான். வட்டெழுத்து. தமிழும் மலையாளமும் முழுசாகப் பிரியாத காலத்து மொழி. அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அவருக்கு என்கிறது அது. பகலில் விளக்கு ஏந்திப் போகலாம், நடக்கும் வழியில் துணி விரிக்கலாம், பல்லக்கில் ஏறலாம், குடை பிடிக்கலாம், பறை கொட்டலாம், தோரணம் கட்டலாம்... அந்தக் காலத்தில் யார் யார் இதையெல்லாம் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று எவ்வளவு கட்டுப்பாடு இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஒரு அந்நிய மதத்தாருக்கு இது சாதாரண மரியாதை இல்லை.

அப்புறம் நூற்றாண்டுகள் ஓடின. கேரளத்தில் எட்டு ஜெபாலயங்கள். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, சேந்தமங்கலம், பரவூர், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. யாரும் துரத்தவில்லை, யாரும் கல் எறியவில்லை. ஆனாலும் சுமார் 2,500 பேர் கொண்ட அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் 1950-களில் மூட்டை கட்டினார்கள். ஆயிரம் வருஷமாக ஜெபத்தில் உச்சரித்த ஊருக்குப் போக வழி பிறந்தது என்ற பக்தி ஒரு பக்கம். ராஜா காலம் முடிந்துவிட்டது, இனி தொழில் எப்படியோ என்ற கவலை இன்னொரு பக்கம். போகிற இடத்திலும் உடனே கதவு திறக்கவில்லை. கொச்சியில் யானைக்கால் நோய் அதிகம் என்பதால் இவர்களைச் சேர்த்துக்கொள்ள இஸ்ரேல் அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். பிறகு நெகேவ் பாலைவனத்தில் நெவாடிம், ஜெருசலேம் பக்கம் மெசிலத் சீயோன் என்று இடம் கிடைத்தது. காயலோரத்தில் வளர்ந்தவர்கள் பாலைவனத்தில் பயிர் செய்தார்கள். சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாகு பெசலேல் அந்த மண்ணில் பூ வளர்த்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து பெயர் வாங்கினார்.

இங்கே என்ன மிச்சம்? கட்டடங்கள். 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தை நீங்களும் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் பதித்த சீன ஓடுகளில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்று வழிகாட்டி சொல்லக் கேட்டு, தலையாட்டிவிட்டு வந்திருப்பீர்கள். அதே மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடுகளைக் கழற்றிக்கொண்டுபோய் ஜெருசலேமில் இஸ்ரேல் மியூசியத்தில் பொருத்திவிட்டார்கள். கூடு மட்டும் இங்கே நின்றது. 2019 மழையில் அதன் முகப்பும் இடிந்து விழுந்தது. அதே ஆண்டு, ஜூ டவுனில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 96 வயதில் காலமானார். 2024-ல் குயீனி ஹல்லேகுவாவும் போய்ச்சேர்ந்தார். கொச்சி யூதர் பேச்சுவழக்கில் ஒருவர் இறந்துபோனதை 'சாலோம் ஆயி' என்பார்களாம். அமைதி ஆனார். பாதி ஹீப்ரு, பாதி மலையாளம். மறுபடியும் சங்கரநாராயணர்!

கட்டடம் போச்சு, ஆள் போச்சு. ஆனால் புட்டு போகவில்லை. பாட்டும் போகவில்லை. இந்தச் சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, வேதக் கதைக்கு ஒன்று. ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி எழுதிக்கொள்வாள். இன்று நாம் 'ஃபார்வர்டு' என்கிறோமே, அதேதான். கையால் எழுதியதால் வேண்டியதை மட்டும் அனுப்பினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நோட்டுகள் பெட்டியில் ஏறி இஸ்ரேலுக்கும் போயின. அவற்றைச் சேகரித்து ஆய்வாளர்கள் புத்தகமாகவும் இசைத்தட்டாகவும் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படிப் பல பாட்டுக்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர்தான் நம்ம ரூபி டேனியல்.

1912-ல் மட்டாஞ்சேரியில் பிறந்தவர். அப்பாவுக்குப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற வேலை. பெண்கள் வெளியே வேலைக்குப் போவதே அதிசயமான காலத்தில் ரூபி கோர்ட்டில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். 1951-ல் இஸ்ரேலுக்குப் போய், வடக்கே நெயோத் மொர்தெகாய் என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுப்பண்ணையில், 2002-ல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

புத்தகத்தில் மகாராஜாக்கள் முக்கியமில்லை. பாட்டி முக்கியம். பெசாக் பண்டிகைக்கு வீட்டைக் கழுவித் துடைப்பது முக்கியம். எந்த வீட்டில் எந்தப் பேய் நடமாடியது என்பது ரொம்ப முக்கியம். கல்யாண வீட்டுச் சத்தம், தெருவில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்கிற வம்பு எல்லாம் உண்டு. இன்றைக்கு ரூபி இருந்தால் யூடியூபில் லட்சம் பேர் அவர் பின்னால் இருப்பார்கள் என்று சத்தியம் பண்ணுவேன்.

ஆனால் லட்சம் பேர் சேரும்படியாக மட்டும் அவர் எழுதவில்லை. இந்தப் புத்தகத்தின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

பரதேசி ஜெபாலயத்தில் எல்லா யூதரும் ஒன்று இல்லை. 'வெள்ளை யூதர்' என்று ஒரு பிரிவு. அதே ஜெபாலயத்தைச் சேர்ந்த, ஆனால் 'மெஷுஹ்ராரிம்' என்று முத்திரை குத்தப்பட்ட இன்னொரு பிரிவு. அந்த ஹீப்ருச் சொல்லுக்கு 'விடுதலை செய்யப்பட்டவர்கள்' என்று அர்த்தம். என்றோ ஒரு தலைமுறையில் அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவரின் வம்சமாம். விடுதலை என்கிற வார்த்தையையே விலங்காக மாட்டி, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கழற்றாமல் வைத்திருந்த சாமர்த்தியத்தைப் பாருங்கள்! இவர்களுக்கு உள்ளே பெஞ்சு கிடையாது. முன்கூடத்தில், தரையில், படியில் உட்கார வேண்டும். வேதம் வாசிக்க மற்றவர்களைப்போல் கூப்பிட மாட்டார்கள். பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். செத்தாலும் சுடுகாட்டில், மன்னிக்கவும், இடுகாட்டில் தனி இடம்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நமக்கு இதைப் பொழிப்புரை போட்டு விளக்க வேண்டியதில்லை.

72 உரிமைகளைச் செப்பேட்டில் வாங்கிய சமூகம். பகல் விளக்கு உண்டு, பல்லக்கு உண்டு. கூட இருந்து ஜெபிக்கிறவனுக்கு ஒரு பெஞ்சு இல்லை. செப்பேட்டுக்கு நாங்கள்தான் வாரிசு என்று வெள்ளை யூதரும் மலபார் யூதரும் போட்டி போட்டதும் உண்டு. சங்கனும் பதுமனும் தோற்றார்கள்.

ரூபியின் குடும்பம் அந்த முத்திரை விழுந்த குடும்பம். அதை அவர் மழுப்பவில்லை. பண்டிகையின் அழகைச் சொல்கிற அதே வாயால், அதே மூச்சில், அந்த அவமானத்தையும் சொல்கிறார். அழவும் இல்லை, சபிக்கவும் இல்லை. சொந்த வீட்டுக் குறையைச் சொல்கிறவரின் குரல் அது. அந்த ஜெபாலயத்தை அவர் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் அதன் பாட்டுக்களை உட்கார்ந்து மொழிபெயர்த்திருப்பாரா?

இதே முத்திரை குத்தப்பட்டவர்தான் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). வக்கீல். 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போய்வந்தவர். காந்தியிடம் கற்ற சத்தியாக்கிரகத்தைத் தன் ஜெபாலயத்துக்குள்ளேயே நடத்தினார். 'யூத காந்தி' என்று பெயர் வந்தது. மெல்ல மெல்லச் சில உரிமைகள் கிடைத்தன. சுதந்திரத்துக்குப் பின் அவர் மகனுக்கும் வெள்ளைப் பிரிவுப் பெண்ணுக்கும் கல்யாணமே நடந்தது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்று ஆன கொஞ்ச காலத்தில் உட்கார ஆளே இல்லாமல் போய்விட்டது.

புத்தகத்தில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. ரூபி மனசுக்குள் மலையாளத்தில் நினைத்ததை ஆங்கிலத்தில் படிக்கிறோம். பாட்டியின் வசவுகள் மொழிபெயர்ப்பில் சப்பென்று ஆகிவிடுகின்றன. ஆய்வாளரின் குரல் நடுநடுவே வந்து விளக்கம் சொல்லும்போது, நல்ல கதை ஓடிக்கொண்டிருக்கையில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருக்கிறது. நூலின் பெரும்பகுதி கொச்சிதான். ஐம்பது வருஷம் வாழ்ந்த இஸ்ரேலுக்குக் கொஞ்சம்தான் இடம். அங்கே அவர் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அந்த ஆசை தீரவில்லை.

இருந்தாலும் இதே விஷயத்தைத் தொட்ட மற்றவற்றோடு வைத்துப் பாருங்கள். 2003-ல் வந்த மலையாளப் படம் 'கிராமபோன்' (இயக்கியவர் கமல், நம்ம கமல் இல்லை) மட்டாஞ்சேரி யூதக் குடும்பத்தைக் காட்டியது. சேந்தமங்கலத்திலேயே பிறந்த எழுத்தாளர் சேது, தன் ஊர் யூதர்கள் கிளம்பிப் போனதை 'ஆலியா' என்று நாவலாக எழுதினார். இரண்டும் அக்கம்பக்கத்தார் பார்வை. அன்பான பார்வைதான், சந்தேகமில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு வீட்டு முன்வாசல் தெரியும். படியில் யார் உட்கார்ந்தார், அந்தக் கல் எவ்வளவு சுட்டது என்பது உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது மறுபடி அந்தப் புட்டு வீடியோவுக்கு வருகிறேன்.

இப்படிப்பட்ட வீடியோக்களைக் கேலி செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். இஸ்ரேலில் பிறந்த பேரனுக்குப் 'புட்டு' என்கிற சொல் தெரிந்திருப்பது அந்த வீடியோவால்தான். மியூசியத்தில் இருக்கிற மரக்கூரை செய்யாத வேலையை ஒரு செல்போன் செய்கிறது. பாட்டு நோட்டின் இன்றைய வடிவம் அதுதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். செல்போனுக்கு இனிப்புதான் பிடிக்கும். புட்டு வரும், பூ வரும், பாட்டியின் சிரிப்பு வரும். 'ஹவ் ஸ்வீட்' என்று கீழே எழுதுவார்கள். வாசல்படி வராது. யாரும் திட்டம்போட்டு மறைப்பதில்லை. அதைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். ஊரை விட்டுத் தூரமாகப் போகப் போக, ஊர் இனித்துக்கொண்டே போகிறது. நாளைக்கு அந்தப் பேரன் தன் பிள்ளைக்குச் சொல்லப்போகும் கொச்சியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து புட்டு சாப்பிட்டிருப்பார்கள். அந்தப் பொய்யை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். தானாக முளைத்திருக்கும்.

சரி, கொச்சியை விடுங்கள். சங்கரன்கோவில் என்ன வாழ்ந்தது?

எங்கள் குழுவில் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். ஆறு வருஷம் என்னோடு ஒரே வகுப்பு. இப்போது வடக்கே நல்ல உத்தியோகம். பிறந்தநாளுக்கு வாழ்த்துவான், கிரிக்கெட் பேசுவான். ஊர்ப்பெருமைப் படங்களுக்கு மட்டும் ஒரு கட்டைவிரல்கூடப் போட மாட்டான். போன வருஷம் யாரோ பஜாரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, 'அந்தக் காலத்துல எவ்வளவு ஒற்றுமையா இருந்தோம்' என்று எழுதினார். கீழே நாற்பது இதயங்கள். கடைசியில் அவன் ஒரே வரி எழுதினான்: 'இந்தப் படத்துல இருக்கிற டீக்கடையில எங்க தாத்தா டீ குடிச்சது சிரட்டையில.'

குழு அப்படியே நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து ஒருவர், 'நல்ல நாள்ல எதுக்குல இதெல்லாம்?' என்றார். அப்புறம் ஒருவர் பிரியாணிப் படம் போட்டார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

நான் என்ன எழுதினேன் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் எழுதவில்லை. வாரா வாரம் உங்களுக்கு இவ்வளவு எழுதுகிறவன், அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். பிரியாணிப் படத்துக்குக் கட்டைவிரல் போட்டதாகக்கூட ஞாபகம்.

சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டம் வந்தது 1939-ல். மதுரையில் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போன ஆண்டு அது. நம் தாத்தாக்கள் காலம்தான். சங்க காலம் இல்லை. இரண்டு சாமிகள் ஒரே உடம்பில் நிற்க முடிந்த நாட்டில், இரண்டு தெருக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்காருவதற்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் ஊர்ப்பெருமை குறைந்துவிடும் என்று பயப்படுகிறோம். ரூபியைப் படித்தால் அந்தப் பயம் போய்விடும். கொச்சியின் மேல் ஆசை கொண்ட எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நான் நம்புவது ரூபியின் ஆசையை. படியையும் சேர்த்துக் காட்டிய ஆசை அது.

ஆகவே என் சிபாரிசு: இந்தப் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு ரூபி உட்கார்ந்திருப்பார். செல்போனை அவர் பக்கம் திருப்புங்கள். சமையல் குறிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், 'அப்போ நீங்க எங்க உட்கார்ந்தீங்க?' என்றும் கேளுங்கள்.

ரூபியை மறுபடி படித்து முடித்த இரவு, என் நண்பனுக்குத் தனியாக எழுதினேன். குழுவில் எழுதத் தைரியம் இன்னும் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'அன்னைக்கு நீ தாத்தாவைப் பத்தி எழுதினப்போ நான் பேசாம இருந்தது தப்பு' என்று எழுதினேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. வெகுநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது:

'அதை விடு. ஒரு வருஷமாச்சு, தாத்தா பேரு என்னன்னு ஒருத்தன்கூடக் கேக்கலையேல.'

கேட்டேன். சொன்னான்.